ரெடிமேட் வீடும் டெல்டா மண்ணும்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்று பெரியவர்கள் சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. தஞ்சாவூர் பக்கம் வீடு கட்டிய யாரைக் கேட்டாலும் ஒரு பெரிய பட்டியலே வரும். மணல் லோடு வரவில்லை, கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார், நடவு தொடங்கியதால் சித்தாள் கிடைக்கவில்லை, சென்ட்ரிங் அடித்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது, சிமெண்ட் விலை ஏறிவிட்டது... ஆறு மாதத்தில் முடியும் என்று பூஜை போட்ட வீடு, இரண்டாவது பொங்கலுக்கும் பூச்சு இல்லாமல் நிற்கும்.

இந்தத் தலைவலி எதுவும் இல்லாமல், சுவர், கூரை, ஜன்னல் எல்லாவற்றையும் வேறு ஓர் இடத்தில் செய்து, லாரியில் ஏற்றி வந்து மனையில் பூட்டிவிட்டால் என்ன? இதைத்தான் முன்தயாரிப்பு வீடு என்கிறார்கள். ரெடிமேட் வீடு என்றால் சட்டென்று புரியும். ரெடிமேட் சட்டை மாதிரிதான். தையல்காரரிடம் அளவு கொடுத்துவிட்டு தீபாவளி வரை அலைய வேண்டாம்!

ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று இதை நினைத்துவிட வேண்டாம். காவிரி டெல்டாவுக்கு இந்த யோசனை மிகவும் பழக்கமானது. இதில் எது இங்கே நிலைத்தது, எது தோற்றது என்று பார்த்தால், இனிமேல் என்ன செய்யலாம் என்பதும் தெரியவரும்.

கல் இல்லாத ஊர்

டெல்டா என்பது ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். நெல் விளைய இதைவிட நல்ல மண் கிடையாது. ஆனால் வீடு கட்டத் தேவையான கருங்கல்லும் பெரிய மரமும் வயல்வெளியில் ஏது? ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்த பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. கோயிலுக்கே அப்படி என்றால் குடியானவன் வீட்டுக்குக் கேட்கவா வேண்டும்? இந்த ஊரில் வீட்டின் பாகங்கள் எப்போதும் வேறு எங்கிருந்தோ வந்துகொண்டுதான் இருந்தன.

இதற்கு நல்ல உதாரணம் உறைக்கிணறு. சுடுமண் உறைகளை ஒரு சூளையில் ஒரே அளவில் சுட்டு எடுத்து, தோண்டிய குழிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிவிட்டால் கிணறு தயார். பக்கவாட்டு மண் சரியாது. கீழடி அகழாய்வில் இப்படிப்பட்ட உறைக்கிணறுகள் வந்தன. பூம்புகார்க் கடற்கரையிலும் கிடைத்திருக்கின்றன. ஒரே அளவு, வேறு இடத்தில் தயாரிப்பு, மனையில் பொருத்துதல். இன்றைய ரெடிமேட் வீட்டுக்கான விளக்கமும் இதேதான். இன்றைக்கும் டெல்டா கிராமங்களில் கக்கூஸ் தொட்டிக்கு சிமெண்ட் உறைகளைத்தான் உருட்டிக்கொண்டு வந்து இறக்குகிறார்கள். பொருள் மாறியிருக்கிறது, முறை மாறவில்லை.

கூரை வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் அங்கேயே செய்தது போலத் தெரியும். ஆனால் கூரையில் இருக்கும் தென்னங்கீற்று எங்கிருந்து வருகிறது? பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னந்தோப்புகளில் மட்டையை இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பெண்கள் உட்கார்ந்து முடைந்து, நூறு நூறாக எண்ணி விற்கிறார்கள். அதை வாங்கி வந்து, சவுக்கும் மூங்கிலும் கட்டிய சட்டத்தின் மேல் வரிசையாக வைத்துக் கட்டுவதுதான் மனையில் நடக்கும் வேலை. ஓரிரண்டு நாளில் கூரை ஏறிவிடும். ஒரு கீற்று கெட்டால் அதை மட்டும் உருவிவிட்டு வேறு ஒன்று செருகலாம். பேக்டரி என்ற பெயர்ப் பலகை இல்லையே தவிர, இதுவும் முன்தயாரிப்புதான்.

சீமை ஓடு

நிஜமான பேக்டரியில் செய்த வீட்டுப் பாகம் நம் ஊர்களுக்கு வந்தது சீமை ஓட்டின் வழியாக. அதற்கு முன் ஓட்டு வீடு என்றால் குயவர்கள் கையால் செய்த நாட்டு ஓடுதான். அடுக்கடுக்காகப் போட வேண்டும், பாரம் அதிகம், குரங்கு ஏறினால் தொலைந்தது, சில வருடத்துக்கு ஒருமுறை ஓடு மாற்ற ஆள் தேட வேண்டும்.

1865-ல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியது. இயந்திரத்தில் அழுத்திச் செய்த தட்டை ஓடு. ஒன்றோடு ஒன்று கவ்விக்கொள்ளும் பள்ளமும் விளிம்பும் உண்டு. அதனால் ஒரே அடுக்கு போதும், பாரம் குறைவு, கீழே மரமும் குறைவு. அளவு மாறாது என்பதால் ரீப்பர் அடிக்கும் தச்சருக்கும் எத்தனை அங்குல இடைவெளி என்பதில் குழப்பம் இல்லை.

நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே 1861-லேயே ரயில் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு திருச்சி வரை நீண்டது. நெல் வெளியே போன பாதையில் வீட்டுச் சாமான்கள் உள்ளே வந்தன. பக்கத்துச் செட்டிநாட்டுக்காரர்கள் கடல் கடந்து பர்மா தேக்கையே கொண்டுவந்து தூண் நிறுத்தினார்கள் என்பது தெரிந்த கதை. வசதி உள்ளவருக்குத் தேக்கு, நடுத்தரக் குடும்பத்துக்குச் சீமை ஓடு, வயலில் வேலை செய்தவருக்குக் கீற்று. மூன்றுமே வெளியிலிருந்து வந்த பாகங்கள்தான். வித்தியாசம் பணத்திலும் பாதுகாப்பிலும் இருந்தது.

கீற்றின் விலை

கீற்று மலிவு, குளிர்ச்சி, கையாலேயே சரிசெய்யலாம். எல்லாம் உண்மை. ஆனால் ஒரு தீக்குச்சி போதும்.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தக் கொடுமைக்குக் காரணம் சாதியும் நில ஆதிக்கமும்தான், கூரை அல்ல. ஆனால் அந்த மக்கள் எந்த மாதிரி வீட்டில் இருந்தார்கள், அந்த மனை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகள் அதன்பின் தவிர்க்க முடியாதவையாகிவிட்டன. மிராசுதாரின் நிலத்தில் குடிசை போட்டிருப்பவரை நினைத்த நேரத்தில் காலி செய்யச் சொல்லலாம் என்ற நிலையில் யார் சுவர் எழுப்புவார்கள்? 1971-ல் வந்த தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர்கள் சட்டம், விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கியது. நிலையான வீட்டுக்கு முதல் அஸ்திவாரம் சிமெண்டில் இல்லை, இந்தச் சட்டத்தில்தான் போடப்பட்டது என்று சொல்லலாம்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் லட்சக்கணக்கான வீடுகளைச் சேதப்படுத்தியது. தென்னை மரங்களும் லட்சக்கணக்கில் சாய்ந்தன. குடிசையைப் பிய்த்துப்போட்ட அதே காற்று, குடிசைக்குக் கூரை தரும் மரத்தையும் சாய்த்துவிட்டது.

ஆக, குடிசைக்கு மாற்று வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. லட்சக்கணக்கில், வேகமாக, ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலையில் எப்படிக் கட்டுவது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் உலகம் பேக்டரியைத்தான் திரும்பிப் பார்த்திருக்கிறது.

டெல்லியில் உடைந்த கனவு

அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை கேட்லாக் மூலமாகவே சுமார் 70,000 வீடுகளை விற்றது. அளவாக அறுத்த மரம், கதவு, ஆணி வரை எல்லாம் ரயிலில் வந்து இறங்கும். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் வீடு இழந்தவர்களுக்காக பிரிட்டன், போர் முடிந்த சில ஆண்டுகளில் சுமார் 1.56 லட்சம் ரெடிமேட் வீடுகளை நிறுத்தியது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு என்று செய்தவற்றில் சில, பல பத்தாண்டுகள் ஓடின.

அதே சமயத்தில் இந்தியாவுக்கும் அவசரம் வந்தது. 1947 பிரிவினையில் லட்சக்கணக்கான அகதிகள் டெல்லிக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது மத்திய அரசின் வீட்டுவசதி இயக்குநராக இருந்தவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறியவர், மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தவர், புவனேஸ்வர் நகரத்துக்குத் திட்டம் போட்டவர். அவர் பொறுப்பில் டெல்லி ஜங்புராவில் அரசு வீட்டுத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. நுரைக் கான்கிரீட்டில் செய்த பெரிய சுவர்ப் பலகைகளை வைத்து ஆயிரக்கணக்கில் வீடுகளை உற்பத்தி செய்வது திட்டம்.

நடந்தது வேறு. பலகைகளில் விரிசல் விட்டது. எதிர்பார்த்த எண்ணிக்கை வரவில்லை, செலவு ஏறியது, நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் கண்டனம் எழுந்தது. திட்டம் கைவிடப்பட்டது. கோனிக்ஸ்பெர்கர் 1951-ல் லண்டன் போய்விட்டார்.

பலருக்குத் தெரியாத பகுதி இனிமேல்தான் வருகிறது. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டு மறக்கப்படவில்லை. 1953-ல் இந்துஸ்தான் ஹவுசிங் பேக்டரி என்ற அரசு நிறுவனமாகி, 1978-ல் இந்துஸ்தான் பிரிஃபேப் என்று பெயர் மாறியது. முழு வீட்டையும் ஒரே முறையில் வார்க்கும் ஆசையை விட்டுவிட்டு கூரைப் பலகை, உத்திரம், மின்கம்பம், ரயில் தண்டவாளத்துக்கான கான்கிரீட் ஸ்லீப்பர் என்று பாகங்களாகச் செய்யத் தொடங்கியது. அவை நின்றன. டெல்டா வயல்வரப்பில் வரிசையாக நிற்கும் கான்கிரீட் மின்கம்பத்தைப் பார்க்கும்போது, அதுவும் ஒரு முன்தயாரிப்புப் பொருள்தான் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. அவ்வளவு பழகிவிட்டது.

லாபம் எங்கே இருக்கிறது?

வேறு இடத்தில் செய்து பூட்டுவதில் உள்ள நன்மைகளை டெல்டா கணக்கிலேயே பார்க்கலாம்.

முதலாவது, காலம். சம்பா அறுவடை தை, மாசியில் முடியும். மேட்டூர் அணை திறப்பதற்கான வழக்கமான நாள் ஜூன் 12. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் கூலி ஆட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆக, ஆளும் காய்ந்த மனையும் சேர்ந்து கிடைப்பது வருடத்தில் ஏறக்குறைய நான்கு மாதம்தான். இங்கே அஸ்திவாரம் போடும்போதே அங்கே கூரைப் பலகை வார்க்கப்பட்டால் இந்த நான்கு மாதத்துக்குள் வீடு முடிய வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, தரம். கான்கிரீட் வார்த்தபின் குறைந்தது ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றிக் காயாமல் வைத்திருந்தால்தான் அது முழு பலம் பெறும். சித்திரை வெயிலில், ஆள் இல்லாத மனையில், இதை யார் ஒழுங்காகச் செய்கிறார்கள்? கொட்டகையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தால் ஒரே ஆள் நூறு பலகைக்குத் தண்ணீர் விடலாம்.

மூன்றாவது, சேதாரம். சென்ட்ரிங் பலகையும் முட்டும் மிச்சமாகும். மணல் வீணாவது குறையும். கொள்ளிடத்து மணலுக்கு இருக்கும் கிராக்கியில் இது சின்ன விஷயம் இல்லை.

நான்காவது, அடக்க விலை. ஒரு பேச்சுக்கு, ஒரு அச்சு செய்ய 1 லட்ச ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 வீட்டுக்குப் பயன்படுத்தினால் வீட்டுக்கு 20,000 ரூபாய். 500 வீட்டுக்குப் பயன்படுத்தினால் 200 ரூபாய்தான். நிலையான செலவு, எண்ணிக்கை கூடக்கூடக் கரைந்துவிடும். காமர்ஸ் புத்தகத்தின் முதல் பாடங்களில் வரும் இந்தக் கணக்குதான் ரெடிமேட் வீட்டின் உயிர்நாடி. எண்ணிக்கை இல்லாவிட்டால் லாபமும் இல்லை.

நகரத்தில் எண்ணிக்கை கிடைக்கிறது. சென்னை பெரும்பாக்கத்தில் 12 தொகுதிகள், ஒவ்வொன்றும் தரைத்தளமும் ஐந்து மாடியும், மொத்தம் 1,152 வீடுகள். தூண், உத்திரம், தளம் எல்லாம் முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பூட்டியவை. 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டி, 2022 மே 26 அன்று திறந்தார்கள். பதினேழு மாதத்துக்குள் 1,152 வீடு!

அப்படியானால் திருத்துறைப்பூண்டிக்கும் இதையே கொண்டுவரலாமா? இங்கேதான் இடிக்கிறது. பத்தடிக்குப் பத்தடி, நான்கு அங்குலக் கனத்தில் ஒரு கான்கிரீட் சுவர் இரண்டு டன்னுக்கு மேல் எடை இருக்கும். டிரெய்லர் வேண்டும், கிரேன் வேண்டும். வாய்க்காலுக்கு வாய்க்கால் குறுகலான மதகுப் பாலம் உள்ள ஊரில் கிரேன் எப்படித் தெருவுக்குள் போகும்? அடுத்தது களிமண். ஈரத்தில் உப்பும், கோடையில் வெடிக்கும். அஸ்திவாரம் அசைந்தால் பலகைகள் சேரும் இடங்களில்தான் முதலில் வாய் பிளக்கும், மழை உள்ளே வரும். எவ்வளவு நல்ல பேக்டரியாக இருந்தாலும் அஸ்திவாரத்தை மனையில்தான் போட்டாக வேண்டும். அதோடு, நம் ஊர் வீடு ஒரே நாளில் முடிவதில்லை. மகளுக்குக் கல்யாணம் என்றால் ஓர் அறை, மாடு வாங்கினால் ஒரு சாய்ப்பு என்று வளர்ந்துகொண்டே போகும். மொத்தமாக வார்த்த சுவரில் அது கஷ்டம்.

2004 டிசம்பருக்குப் பிறகு

அவசரத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை டெல்டாக் கடற்கரை நேரிலேயே பார்த்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களுக்கு உடனே தற்காலிகக் குடியிருப்புகள் போட்டாக வேண்டும். ஆலையில் செய்த தார் ஷீட்டுகளைச் சட்டத்தில் அடித்து வரிசை வரிசையாகக் கொட்டகைகள் எழும்பின. வேகம் என்ற ஒரு பாடத்தில் முழு மதிப்பெண். ஆனால் கறுப்பு ஷீட், தாழ்ந்த கூரை, கடற்கரை வெயில்... பகலில் உள்ளே இருக்க முடியவில்லை. பல இடங்களில் சூடு தணிய அதன்மேல் கீற்றுப் போட வேண்டியிருந்தது. எந்தக் கீற்றைக் கைவிடச் சொன்னார்களோ அதே கீற்று!

நிரந்தர வீடுகளுக்கு 2005 மார்ச்சில் அரசாணை வந்தது. 300 முதல் 325 சதுர அடி, சுமார் 1.5 லட்ச ரூபாய். தொண்டு நிறுவனங்கள் பொறுப்பெடுத்துக் கட்டின. பல ஊர்களில் ஒரே வரைபடம், ஒரே பெட்டி. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் வேறு மாதிரி நடந்தது. அங்கே மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் கட்டியபோது, கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸ் குடும்பங்களிடம் பேசி, அவர்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று கேட்டு வீடுகளைத் திட்டமிட்டார். வீட்டின் பாகம் எங்கே தயாரானாலும், வீட்டில் இருக்கப்போகிறவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது அந்த இரண்டு ஊர்கள் சொல்லும் பாடம்.

இரண்டு பேர் தூக்கும் பாகம்

உறை, கீற்று, சீமை ஓடு, மின்கம்பம் இவையெல்லாம் இங்கே நிலைத்தவை. டெல்லியின் பெரிய பலகையும் நாகையின் தார்க் கொட்டகையும் தோற்றவை. நிலைத்தவற்றுக்குள் ஓர் ஒற்றுமை இருக்கிறது. உள்ளூர் ஆட்களே தூக்கலாம், உள்ளூர் ஆட்களே பொருத்தலாம், கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். டெல்டாவுக்கு ஒத்து வருவது முழு ரெடிமேட் வீடு இல்லை, ரெடிமேட் பாகங்கள்தான்.

அப்படிப்பட்ட பாகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஒரு கூரை முறை உண்டு. மெல்லிய கான்கிரீட் உத்திரங்களைச் சுவர்மேல் வரிசையாக வைத்து, அவற்றுக்கு நடுவே சின்னச் சின்னக் கான்கிரீட் பலகைகளை அடுக்கி, மேலே கொஞ்சம் கான்கிரீட் ஊற்றிவிட்டால் தளம் தயார். சென்ட்ரிங் கிடையாது, கிரேன் கிடையாது. ஒரு பலகையை இரண்டு பேர் தூக்கலாம். தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிய தஞ்சாவூர் மெத்தை வீடுகளின் தங்கை என்றே இதைச் சொல்லலாம்.

இதை யார் செய்வது? கேரளத்தில் 1980-களின் நடுவில் வெள்ளத்துக்குப் பிறகு கொல்லத்தில் தொடங்கிய நிர்மிதி கேந்திரம் ஒரு வழி காட்டியது. செலவு குறைந்த கட்டடப் பாகங்களைச் செய்யும் இடமாகவும், உள்ளூர் ஆட்களுக்குத் தொழில் கற்றுத்தரும் இடமாகவும் அது இருந்தது. பின்னால் நாடு முழுவதும் கட்டட மையங்கள் வர அதுவே முன்மாதிரி.

2024 பிப்ரவரியில் தமிழக பட்ஜெட்டில் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2030-க்குள் குடிசை இல்லாத தமிழகம், 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3.5 லட்ச ரூபாய், 360 சதுர அடி என்பது அறிவிப்பு. கணக்குப் போட்டால் சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய்கூட வரவில்லை. பயனாளி தன் கையிலிருந்தோ கடன் வாங்கியோதான் மிச்சத்தைப் போட வேண்டும். கூலி வேலை செய்பவருக்கு, பாதியில் நிற்கும் வீடு குடிசையைவிட மோசம். குடிசையும் போயிருக்கும், கடனும் இருக்கும்.

அச்சுக் கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சென்ட்ரிங்குக்கு வாடகை கொடுப்பதற்குப் பதிலாக, ஒன்றியத்துக்கு ஒரு கொட்டகையில் உத்திரமும் பலகையும் நிலைச்சட்டமும் வார்த்துக் கொடுத்தால், எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருப்பதால் விலை இறங்கும். சுவர், திண்ணை, சாய்ப்பு எல்லாம் அவரவர் விருப்பம். கீற்று முடைந்த கைகளுக்கு அந்தக் கொட்டகையில் வேலையும் கிடைக்கும்.

அறுப்பு முடிந்து மாசியில் அஸ்திவாரம் போட்ட ஒரு குடும்பம், மேட்டூர்த் தண்ணீர் தங்கள் வாய்க்காலுக்கு வந்து சேருவதற்குள் தீப்பிடிக்காத கூரைக்குக் கீழே குடிபோக முடிந்தால், அந்தப் பழமொழியில் கஷ்டமான காரியம் ஒன்றுதான் மிச்சம் இருக்கும். கல்யாணம்!